பிரீஆம்ப் கட்டுகிறவர்கள் கேட்கும் கேள்விகள்: சர்க்யூட், பவர் சப்ளை, நம்ம ஊர் கரண்ட்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், பொள்ளாச்சி பக்கம் சொந்தமாக ஆடியோ பிரீஆம்ப் (சிடி, இசைத்தட்டு போன்ற மூலத்துக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவில் வரும் பெட்டி) கட்டுகிறவர்களும், நல்ல விலை கொடுத்து ஒன்றை வாங்கி வைத்துவிட்டு ஹம் (கரண்டிலிருந்து ஸ்பீக்கரில் கேட்கும் முணுமுணுப்பு) போகமாட்டேன் என்கிறதே என்று தவிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. வெளிநாட்டு சர்க்யூட்டை அப்படியே எடுத்துக் கட்டினால் நம்ம ஊரில் பாதி நேரம் ஏமாற்றம்தான், ஏனென்றால் அதை வரைந்தவர் வீட்டு பிளக்கில் வோல்டேஜ் இந்த ஆட்டம் ஆடுவதில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசும் கவனமும் போக வேண்டிய வரிசை: கிரவுண்ட் ஒயரிங், அடுத்து டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து ரெகுலேட்டர் (வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ஐசி), கடைசியில்தான் ஆப்ஆம்ப் (சிக்னலைக் கையாளும் ஐசி) நம்பரும் கெப்பாசிட்டர் பிராண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

சிடி பிளேயரே 2 வோல்ட் தருதுங்க, டிஏசியும் (டிஜிட்டல் பாட்டை ஆடியோ சிக்னலாக மாற்றும் கருவி) அப்படித்தான். பவர் ஆம்ப்புக்கு அதுவே போதுமே, பிரீஆம்ப் எதுக்கு?

சிக்னலைப் பெருக்குவதற்கு என்றால் தேவையே இல்லை. பல பவர் ஆம்ப்கள் 1 முதல் 2 வோல்டுக்குள் முழு பவரை எட்டிவிடும். ஒரு வால்யூம் பாட் (குமிழைத் திருப்பினால் அளவு மாறும் ரெசிஸ்டர்) மட்டும் வைத்து நேராகக் கொடுத்துவிடலாம் என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 100 கிலோஓம் பாட்டை சிக்னல் பாதியாகும் இடத்தில் வைத்தால் அதன் வெளியீட்டு மின்தடை 25 கிலோஓம் ஆகிவிடும். அதிலிருந்து ஹால் முழுக்கச் சுற்றிப் போகும் ஒரு நீள கேபிளுக்கு 500 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 12.7 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் இறங்கிவிடும். ஜால்ராவின் பளபளப்பு மங்கிப் போகும். அதே இடத்தில் 10 கிலோஓம் பாட் போட்டால் இந்த எல்லை 127 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும், காதுக்குக் கவலை இல்லை. ஆனால் 10 கிலோஓமை ஓட்டும் தெம்பு எல்லா மூலத்துக்கும் இல்லை, வால்வ் வெளியீடு உள்ளவை திணறும். ஆகவே அந்த வால்யூம் பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு நல்ல பஃபர் (சிக்னலைப் பெருக்காமல், ஓட்டும் தெம்பை மட்டும் தரும் நிலை). லைன் பிரீஆம்ப்பின் வேலை ஏறக்குறைய அவ்வளவுதான்.

இசைத்தட்டு கேட்கிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே போனோ நிலை (இசைத்தட்டின் சிறு சிக்னலைப் பெருக்கும் பகுதி) இல்லாமல் நடக்காது. எல்லாச் சிக்கலும் தொடங்குவதும் அங்கேதான்.

மொத்தமே அஞ்சு வாட் கூட இழுக்காத பொட்டிக்கு இவ்வளவு பெரிய பவர் சப்ளை எதுக்குங்க?

வாட் இங்கே பிரச்சினையே இல்லை, இரைச்சல்தான். உங்கள் ஸ்பீக்கரை நோக்கிப் போகும் சிக்னல் கரண்ட் முழுக்க சப்ளையிலிருந்து வருகிறது, சப்ளைக்கே திரும்புகிறது. போகிற வழியில் சப்ளை எதையாவது சேர்த்தால் அதுவும் பாட்டோடு சேர்ந்து கேட்கும்.

இசைத்தட்டின் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் எம்எம் (மூவிங் மேக்னட்), எம்சி (மூவிங் காயில்) என்று இரண்டு வகை. எம்எம் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். எம்சி என்றால் பெரும்பாலும் அரை மில்லிவோல்டுக்கும் கீழே. எம்எம் போனோ நிலை 1 கிலோஹெர்ட்ஸில் 40 டெசிபல், அதாவது 100 மடங்கு பெருக்குகிறது என்று வைப்போம். ஆனால் ஆர்ஐஏஏ வளைவு (தட்டில் பதியும்போது குறைத்த பேஸைத் திரும்ப ஏற்றும் திருத்தம்) பேஸ் பக்கத்தை இன்னும் தூக்குகிறது. 50 ஹெர்ட்ஸில் கூடுதலாக 17 டெசிபல், 100 ஹெர்ட்ஸில் 13 டெசிபல். நம்ம மெயின்ஸ் (வீட்டு கரண்ட்) 50 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபயரிலிருந்து (ஏசியை டிசியாக்கும் டையோடுகள்) வருவது 100. வளைவு எங்கே ரொம்பத் தூக்குகிறதோ அந்த இடத்திலேயே மெயின்ஸ் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நுழைந்த 1 மைக்ரோவோல்ட் 50 ஹெர்ட்ஸ் ஹம் 700 மடங்கு பெருகி 0.7 மில்லிவோல்டாக வெளியே வரும். பாட்டோ அங்கே 500 மில்லிவோல்ட். வெறும் 57 டெசிபல் இடைவெளி. பாட்டுகளுக்கு நடுவே இருக்கும் அமைதியில் நிச்சயம் கேட்கும்.

ஆப்ஆம்ப் டேட்டாஷீட்டில் சப்ளை இரைச்சலை 100 டெசிபல் தடுக்கும் என்று போட்டிருப்பார்கள். அது கீழ் அதிர்வெண்ணில் கிடைக்கும் எண். அதிர்வெண் பத்து மடங்கு ஏற ஏற அது 20 டெசிபல் வீதம் கரையும். ஒற்றை டிரான்சிஸ்டர் நிலைகளிலும் வால்விலும் இந்தத் தடுப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை, சப்ளையில் இருப்பது அப்படியே வெளியே வரும்.

பகல்ல பாட்டு சுத்தமா இருக்குதுங்க. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல 'ஜுர்ர்'னு சத்தம், ராத்திரி பத்துக்கு மேல தானா போயிடுது. ஐசி போயிருச்சா?

ஐசி நன்றாகத்தான் இருக்கும். முதலில் அந்த ஏழு மணிக்கு மல்டிமீட்டரை பிளக்கில் வைத்துப் பாருங்கள். சோமனூர், பல்லடம் போல தறிகள் நிறைந்த ஊர்களிலும், கிணற்று மோட்டார்கள் வரிசையாக ஓடும் லைனின் கடைக்கோடி தோட்டத்து வீடுகளிலும் 230 வோல்ட் என்பது பேப்பரில் இருக்கும் எண். 190, சில நேரம் 180 வரை இறங்கும். நள்ளிரவில் லோடு போனதும் 250ஐத் தாண்டி ஏறும்.

கடையில் எல்லோரும் கேட்டு வாங்குவது 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர். அதை எல்எம்317, எல்எம்337 வழியாக ±15 வோல்ட் ஆக்குகிறார்கள். 230 வோல்டில் ஒரு குறையும் தெரியாது. 190க்கு இறங்கினால் செகண்டரி (டிரான்ஸ்ஃபார்மரின் வெளியீட்டுச் சுருள்) 12.4 வோல்ட் ஆகும், அதன் உச்சம் 17.5, டையோடுக்கு ஒரு வோல்ட் போக 16.5, ரிப்பிளின் (டிசியில் மிஞ்சி நிற்கும் ஏற்ற இறக்கம்) பள்ளத்தில் இன்னும் கொஞ்சம் குறைவு. எல்எம்317க்கு உள்ளே வருவது வெளியே போவதைவிட குறைந்தது 2 வோல்ட், நிம்மதிக்கு 3 வோல்ட் அதிகம் இருக்க வேண்டும். இங்கே ஒன்றரை வோல்ட் கூட இல்லை. அந்த நேரத்தில் ரெகுலேட்டர் ரெகுலேட்டராக வேலை செய்வதில்லை, 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளை அப்படியே விட்டுவிடுகிறது. உங்களுக்குக் கேட்கும் 'ஜுர்ர்' அதுதான்.

18-0-18 போடுங்கள். 180 வோல்டில்கூட கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 19 வோல்ட் நிற்கும். ஆனால் மறுபக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 265 வோல்டில் அதே செகண்டரியின் உச்சம் 29 வோல்டைத் தாண்டும். சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் லோடு குறைவாக இருக்கும்போது பத்து, இருபது சதவீதம் கூடுதலாகவும் தரும். 35 வோல்ட் கெப்பாசிட்டர் போட்டவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள், 50 வோல்ட் போடுங்கள். 7815 என்ற 15 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளீட்டு உச்ச வரம்பே 35 வோல்ட் என்பதால் இந்த இடத்தில் அதை நான் தவிர்க்கிறேன். எல்எம்317க்கு உள்ளே வெளியே வித்தியாசம் 40 வோல்டுக்குள் இருந்தால் சரி. சூட்டையும் மறக்க வேண்டாம், 100 மில்லிஆம்ப் ஓடினால் அந்த நேரத்தில் ஒவ்வொரு ரெகுலேட்டரும் 1.3 வாட்டுக்கு மேல் கக்கும். சின்னதாக ஒரு ஹீட்சிங்க் போதும், ஆனால் கட்டாயம் வேண்டும்.

அதுக்கு ஒரு ஸ்டெபிலைசர் போட்டுட்டாப் போதாதுங்களா?

ரிலே ஸ்டெபிலைசர் டேப் மாற்றும் ஒவ்வொரு முறையும் 'டக்' என்று ஸ்பீக்கரில் கேட்க வாய்ப்புண்டு. சர்வோ ஸ்டெபிலைசர் பரவாயில்லை, மெதுவாக ஆனால் வழுவழுப்பாகச் சரி செய்யும். இருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மரை ஒழுங்காகச் சுற்றிவிட்டால் பிரீஆம்ப்புக்கு இரண்டுமே வேண்டாம்.

கரண்ட் போனால் ஓடும் இன்வெர்ட்டரைப் பற்றியும் கேட்கிறார்கள். சைன் வேவ் என்றால் பிரச்சினை இல்லை. பழைய சதுர அலை இன்வெர்ட்டரில் கேட்காதீர்கள். 230 வோல்ட் சைன் அலையின் உச்சம் 325 வோல்ட், சுத்தமான சதுர அலையின் உச்சமோ அதே 230தான். ரெக்டிஃபயர் பார்ப்பது உச்சத்தை மட்டும். மீட்டர் 220 காட்டினாலும் உங்கள் 18 வோல்ட் செகண்டரி 17 வோல்ட் டிசியைத் தாண்டாது, மேலே சொன்ன பள்ளத்தில் மறுபடியும் விழுவீர்கள்.

டொராய்டு நல்லதா, ஈஐ நல்லதா? வைண்டிங் கடையில என்ன சொல்லிச் சுத்தச் சொல்லணும்?

டொராய்டு என்பது வளையமான கோரில் சுற்றியது, ஈஐ என்பது E, I வடிவத் தகடுகளை அடுக்கிய கோரில் சுற்றியது. இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். பம்ப் மோட்டாரும் கிரைண்டர் மோட்டாரும் பிழைப்பாக இருக்கும் நாடு இது, காயில் சுற்றத் தெரிந்த கை இல்லாத ஊரே கிடையாது. கணபதி, பீளமேடு பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தரும் சின்னச் சின்னப் பட்டறைகள் இருக்கின்றன. வெளிநாட்டில் பெரிய தொகை கொடுத்து ஸ்பெஷலாகச் செய்யச் சொல்ல வேண்டியதை இங்கே மேசையருகே உட்கார்ந்து பேசிச் செய்துகொள்ளலாம். கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

டேர்ன்ஸ் பெர் வோல்ட் (ஒரு வோல்டுக்கு எத்தனை சுற்று) என்று கடைக்காரர் சொல்வார். 50 ஹெர்ட்ஸுக்கு அதன் கணக்கு எளிது: 45ஐ கோரின் குறுக்குப் பரப்பாலும் (சதுர சென்டிமீட்டரில்) கோரில் ஓடும் காந்தப்புலத்தின் டெஸ்லா அளவாலும் வகுத்தால் வந்துவிடும். 6 சதுர சென்டிமீட்டர் கோரை 1.3 டெஸ்லாவில் ஓட்டினால் ஒரு வோல்டுக்கு 5.8 சுற்று. செம்பு மிச்சம் என்பதால் கடைகளில் இந்தப் பக்கம்தான் சாய்வார்கள். இரவில் 265 வோல்ட் வந்தால் அது 1.5 டெஸ்லாவுக்கு ஏறும். சாதாரண ஸ்டாம்பிங்கில் (கோர் தகடு) கோர் திணற ஆரம்பிக்கும், காந்தப்புலம் வெளியே சிந்தும், டிரான்ஸ்ஃபார்மரே உறுமும். நீங்கள் 1 டெஸ்லா கேளுங்கள். ஒரு வோல்டுக்கு 7.5 சுற்று, பிரைமரிக்கு (மெயின்ஸ் பக்கச் சுருள்) 1725 சுற்று. செகண்டரியையும் அதே விகிதத்தில் சுற்றச் சொல்ல வேண்டும். பிரைமரியை மட்டும் ஏற்றினால் செகண்டரி வோல்டேஜ் குறைந்துவிடும்.

அப்புறம் இன்னும் சில. பிரைமரியும் செகண்டரியும் தனித்தனி அறையில் இருக்கும் பாபின் கேளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றினால் இரண்டுக்கும் நடுவே கெப்பாசிட்டன்ஸ் கூடும், மெயின்ஸில் வரும் உயர் அதிர்வெண் குப்பை அதன் வழியே தாவிவிடும். அப்படித்தான் சுற்ற முடியும் என்றால் நடுவில் ஒரு சுற்று செம்புத் தகடு வைத்து அதை எர்த்தில் கட்டச் சொல்லுங்கள். தகட்டின் இரண்டு முனையும் தொடவே கூடாது, தொட்டால் அது ஷார்ட் ஆன ஒரு சுற்று, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும். கடைசியாக வார்னிஷில் ஊறவைத்து உலர்த்தித் தரச் சொல்லுங்கள். சர்க்யூட் 6 வாட் இழுத்தாலும் 30 விஏ அளவு வையுங்கள்.

டொராய்டில் வெளியே சிந்தும் புலம் குறைவு, உண்மை. ஆனால் கோரில் காற்று இடைவெளி கிடையாது என்பதால் மெயின்ஸில் கொஞ்சம் டிசி கலந்தாலும் உறுமும். அரை அலை மட்டும் இழுக்கும் சில ஹீட்டர்கள், ஹேர்டிரையர்கள் இந்த டிசியை உண்டாக்கும். அதற்குத் தனியாக டிசி பிளாக்கர் வைக்க வேண்டி வரும். இரண்டு சுருளுக்கும் நடுவே கெப்பாசிட்டன்ஸும் டொராய்டில் அதிகம். நம்ம ஊர் லைனுக்குத் தாராளமாகச் சுற்றிய ஈஐயைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். திருகாணி முடுக்கும் முன் போனோவை ஆன் செய்து, டிரான்ஸ்ஃபார்மரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். ஒரு கோணத்தில் ஹம் சட்டென்று அடங்கும். அங்கேயே முடுக்குங்கள்.

டையோடு 1என்4007 போதுமா? கெப்பாசிட்டர் 10,000 மைக்ரோஃபாரட் போட்டா சுத்தமா ஆயிடுமா?

1என்4007 ஓடும், ஆனால் அது அணையும்போது கரண்டைச் சட்டென்று வெட்டும், டிரான்ஸ்ஃபார்மர் சுருளோடு சேர்ந்து உயர் அதிர்வெண்ணில் மணி அடிக்கும். ஷாட்கி அல்லது மென்மையாக அணையும் வகை டையோடு போடுங்கள், இல்லையென்றால் செகண்டரிக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் ஸ்னப்பர் வைத்தால் அடங்கிவிடும்.

100 மில்லிஆம்ப்புக்கு 4700 மைக்ரோஃபாரட் வைத்தால் ரிப்பிள் 0.2 வோல்ட், ரெகுலேட்டருக்கு இது தாராளம். அதற்கு மேல் ஏற்றிக்கொண்டே போனால் ரிப்பிள் குறையும், ஆனால் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் கரண்ட் இன்னும் குறுகிய, இன்னும் உயரமான துடிப்பாக மாறும். அதன் பலன் கிரவுண்டில் தெரியும், கீழே சொல்கிறேன். பெரிய கெப்பாசிட்டருக்குப் பதில், முதல் கெப்பாசிட்டருக்குப் பின் 10 ஓம் ரெசிஸ்டரும் 2200 மைக்ரோஃபாரடும் சேருங்கள். ஒரு வோல்ட் செலவில் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் ஏறக்குறைய 14 மடங்கு குறையும், மேல் அதிர்வெண்களும் நன்றாகச் சீவப்படும். அந்த ஒரு வோல்ட்டை மேலே போட்ட குறைந்த வோல்டேஜ் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

எல்எம்317 எல்லாம் பழசு, சூப்பர் ரெகுலேட்டர் போடணும்கிறாங்களே?

ஆப்ஆம்ப் வைத்த லைன் பிரீஆம்ப்புக்கு எல்எம்317 நிறைவாகப் போதும். அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோஃபாரட் வைத்தால் அதன் ரிப்பிள் தடுப்பு 65 டெசிபலிலிருந்து 80க்கு ஏறும். அதோடு பாதுகாப்பு டையோடையும் மறக்காமல் வையுங்கள், இல்லையென்றால் வெளியீடு ஷார்ட் ஆகும்போது அந்தக் கெப்பாசிட்டர் ஐசியின் உள்ளே காலியாகும். லோடு 10 மில்லிஆம்ப்புக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எம்சி நிலை, டிஸ்கிரீட் நிலை என்று வரும்போது மேலே போவதில் அர்த்தம் இருக்கிறது. வால்ட் ஜங் என்ற ஆடியோ பொறியாளர் வழிவந்த ரெகுலேட்டர்கள் ஆப்ஆம்ப்பை வைத்து வெளியீட்டைக் காவல் காக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன, ஆனால் லேஅவுட் சரியில்லை என்றால் ஆசிலேட் ஆகும். எல்டி3045 என்ற குறைந்த இரைச்சல் ரெகுலேட்டர் ஐசி வந்த பிறகு பலருக்கு அந்தக் கஷ்டமே வேண்டியதில்லை. அதன் இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட், 1 மெகாஹெர்ட்ஸில்கூட 76 டெசிபல் தடுப்பு. எதிர்மறைப் பக்கத்துக்கு எல்டி3094. ஆனால் இவற்றின் உள்ளீடு 20 வோல்டைத் தாண்டக் கூடாது. நம்ம ஊர் இரவு வோல்டேஜில் நேராக மாட்டினால் ஒரே நாளில் போய்விடும். முன்னால் எல்எம்317 வைத்து 18 வோல்டுக்கு இறக்கி, பின்னால் இதை வையுங்கள். அப்போது 18 வோல்ட் செகண்டரியும் போதாது, 22-0-22 வேண்டும்.

ஆப்ஆம்ப்பை மட்டும் மாத்தினா சவுண்ட் மாறுமா?

5532 என்ற ஆப்ஆம்ப்பை எடுத்துவிட்டு வேறொன்றைச் சொருகி "மேடை அகலமாயிடுச்சு" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், சொருகிய பிறகு ஆசிலோஸ்கோப்பில் பார்த்தீர்களா? வேகமான ஐசிகளைப் பழைய பலகையில், பக்கத்தில் 100 நானோஃபாரட் டிகப்ளிங் கெப்பாசிட்டர் (சப்ளைக் கால்களில் வைப்பது) இல்லாமல் போட்டால் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆடிக்கொண்டே இருக்கும், கேட்கும் பகுதியில் அதன் விளைவு சொரசொரப்பாகத் தெரியும். 5532 இன்றைக்கும் மிக நல்ல ஐசி. சர்க்யூட்டில் இருக்கும் ரெசிஸ்டர்களை முதலில் பாருங்கள். 1 கிலோஓம் ரெசிஸ்டரே ரூட் ஹெர்ட்ஸுக்கு 4 நானோவோல்ட் இரைச்சல் தரும், 5532 தருவது 5. ஃபீட்பேக்கில் 47 கிலோஓம் வைத்துவிட்டு 1 நானோவோல்ட் ஐசி வாங்குவதில் பயன் இல்லை.

வால்வ் பிரீஆம்ப் கட்டலாம்னு இருக்கேன்ணா. கவனிக்க வேண்டியது என்ன?

ஹீட்டர். 12ஏஎக்ஸ்7, 12ஏயு7 வால்வ் வகைகளுக்கு 6.3 வோல்ட், அதிலிருந்து பத்து சதவீதம் இப்படி அப்படிப் போகலாம், அதாவது 5.7 முதல் 6.9 வரை. மெயின்ஸ் 190 ஆனால் ரெகுலேட் செய்யாத ஹீட்டர் 5.2 ஆகும், 260 ஆனால் 7.1. தறி ஓடும் ஊரில் ஒரு நாளிலேயே இரண்டையும் தொட்டுவிடும். குறைந்தால் கேத்தோடு சோர்ந்து கெடும், கூடினால் வால்வின் ஆயுள் குறையும். ஆகவே டிசி ஹீட்டர், ரெகுலேட்டரோடு. இரண்டு பாதியையும் தொடராக வைத்து 12.6 வோல்ட், 150 மில்லிஆம்ப் என்றால் எளிது. ஹம்மும் சேர்ந்து போகும்.

பி பிளஸ் (வால்வின் உயர் வோல்டேஜ் சப்ளை) 250, 300 வோல்ட். இதில் விளையாட்டு வேண்டாம் தம்பி. பெரிய கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோஓம், 2 வாட் பிளீடர் (கெப்பாசிட்டரைக் காலி செய்யும் ரெசிஸ்டர்) வைத்தே ஆக வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மீட்டரில் வோல்டேஜ் இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். வால்வ் முதல் முயற்சியாக வேண்டாம் என்பது என் கருத்து, ±15 வோல்டில் ஒன்று கட்டிப் பழகிவிட்டு வாருங்கள்.

ஹம் போகவே மாட்டேங்குதுங்க. ரெகுலேட்டர், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் மாத்திட்டேன்.

அப்படியென்றால் கிரவுண்ட்தான். பத்தில் ஒன்பது தடவை என்று சொல்லும் அளவுக்கு இதுதான் காரணம்.

முதலில் காதால் பிரியுங்கள். வழுவழுப்பான 'ஊம்' என்றால் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலமோ கருவிகளுக்கு நடுவே உள்ள கிரவுண்ட் லூப்போ. கரகரப்பான 'ஜுர்ர்' என்றால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும், ரெக்டிஃபயர் துடிப்பு கிரவுண்டில் ஏறியிருக்கிறது.

இந்த இரண்டாவதை விளக்குகிறேன். சர்க்யூட் சீராக 100 மில்லிஆம்ப் இழுத்தாலும் ரெக்டிஃபயரிலிருந்து கெப்பாசிட்டருக்குப் போகும் கரண்ட் சீராகப் போவதில்லை, அலையின் உச்சியில் மட்டும் ஒரு ஆம்ப் வரை பாய்ந்து நின்றுவிடும். அந்த வழியில் 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் பத்து சென்டிமீட்டர் இருந்தாலே அதன் மின்தடை 3.6 மில்லிஓம். ஒரு ஆம்ப்புக்கு அதில் 3.6 மில்லிவோல்ட் விழும். உங்கள் கார்ட்ரிட்ஜ் தருவதே 5 மில்லிவோல்ட்! சிக்னல் கிரவுண்டை அந்த ஒயரின் தப்பான முனையில் பற்றவைத்திருந்தால் இந்த 3.6 மில்லிவோல்ட் அப்படியே சிக்னலோடு சேரும். எவ்வளவு விலை உயர்ந்த ரெகுலேட்டர் வைத்தாலும் இதைத் தொடாது, ஏனென்றால் ரெகுலேட்டரே அந்த அசுத்தமான புள்ளியைத்தான் பூஜ்யம் என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியது இது. செகண்டரியின் நடு டேப் நேராக இரண்டு கெப்பாசிட்டரின் நடுப் புள்ளிக்கு வர வேண்டும், அந்த ஒயரில் வேறு எதையும் தொடுக்கக் கூடாது. அந்த நடுப் புள்ளியிலிருந்து ஒற்றை ஒயர் எடுத்துத் தனியாக ஒரு ஸ்டார் புள்ளி (எல்லா கிரவுண்ட் ஒயரும் கூடும் ஒரே இடம்) வையுங்கள். ரெகுலேட்டர் கிரவுண்ட், இடது சேனல், வலது சேனல், போனோ எல்லாம் அங்கேயிருந்து தனித்தனியாகப் புறப்படட்டும். உள்ளீட்டு சாக்கெட்டுகளை சேசிஸிலிருந்து காப்பிட்டு வையுங்கள்.

அடுத்தது எர்த். மூன்று முள் பிளக்கில் எர்த்தை வெட்டி ஹம்மைப் போக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், உயிரோடு விளையாடுவது அது. சேசிஸ் உலோகம் எர்த்தோடு நேராகவும் உறுதியாகவும் இணைந்தே இருக்க வேண்டும். லூப்பை உடைக்க வேண்டுமானால், ஸ்டார் புள்ளிக்கும் சேசிஸுக்கும் நடுவில் 10 ஓம் ரெசிஸ்டர், அதோடு இணையாக 35 ஆம்ப் பிரிட்ஜ், ஒரு 100 நானோஃபாரட் வையுங்கள். சின்ன லூப் கரண்டை ரெசிஸ்டர் தடுக்கும், பழுது வந்தால் பிரிட்ஜ் முழுக் கரண்டையும் எர்த்துக்குக் கடத்தி ஃபியூஸைப் பறக்கவிடும்.

ஆடியோவுக்குன்னு தனியா எர்த் குழி தோண்டலாமா?

வேண்டாம். வீட்டில் இரண்டு வேறு எர்த் இருந்தால் இடி நேரத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய வோல்டேஜ் தோன்றும், அது உங்கள் கேபிள் வழியாகத்தான் பாயும். இருக்கும் எர்த்தைச் சரிசெய்யுங்கள். பாறையும் காய்ந்த செம்மண்ணும் உள்ள நம்ம பக்கம் சித்திரை, வைகாசியில் எர்த் மின்தடை நன்றாக ஏறும், குழிக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பது நல்லது. இது பாதுகாப்புக்காக. ஹம் இதனால் குறையாது.

பவர் சப்ளையைத் தனிப் பொட்டியில வைக்கிறது வெறும் பந்தாவா?

இல்லை, பௌதிகம். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் தூரத்தின் மூன்றாம் மடிக்கு ஏற்பக் குறையும், தூரம் இரண்டு மடங்கானால் புலம் எட்டில் ஒன்று. குவாட் 22 பிரீஆம்ப் தன் பவரை குவாட் 2 பவர் ஆம்ப்பிடமிருந்தே எடுத்துக்கொண்டது. 1970களின் மார்க் லெவின்சன் எல்என்பி-2க்கு சப்ளை வெளியே. நெய்ம் நிறுவனம் தனி சப்ளையை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டது.

டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், பெரிய கெப்பாசிட்டர், முதல் ரெகுலேட்டர் வெளிப் பெட்டியில். கடைசி ரெகுலேட்டர் சர்க்யூட்டுக்குப் பக்கத்தில். நடுவில் ஓடும் கேபிளில் டிசி மட்டும். ஏசியை அதில் கொண்டுபோனால் தனிப் பெட்டி வைத்ததன் பயன் பாதி போய்விடும். சப்ளைப் பக்கம் பெண் கனெக்டர் வையுங்கள், பிடுங்கினாலும் முள் வெளியே தெரியாது.

வால்யூம் பாட் எது?

ஆல்ப்ஸ் நிறுவனத்தின் நீல நிறப் பாட் பெரும்பாலானவர்களுக்குப் போதும். மெதுவாகக் கேட்கும்போது இடது வலது அளவு பிசகுகிறது என்றால் பாக்ஸண்டால் ஆக்டிவ் வால்யூம் முறையை (பெருக்கும் நிலையின் ஃபீட்பேக்கிலேயே பாட்டை வைப்பது) பாருங்கள், லீனியர் பாட்டே வேலை செய்யும், வால்யூம் குறையக் குறைய இரைச்சலும் குறையும்.

பக்கத்து வீட்டுல கிரைண்டர் ஆஃப் பண்ணினா என் ஸ்பீக்கர்ல 'டப்'புங்குது.

மோட்டார் சுருளின் கரண்ட் வெட்டப்படும்போது ஸ்விட்ச் முனையில் தீப்பொறி. அதிலிருந்து ரேடியோ அதிர்வெண் ஒரு கொத்தாகக் கிளம்பி மெயின்ஸ் வழியாகவும் காற்று வழியாகவும் வரும். உங்கள் வீட்டு கிரைண்டர் என்றால் ஸ்விட்ச்சுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டர், தொடராக 100 ஓம் வைத்தால் முளையிலேயே கிள்ளிவிடலாம். பக்கத்து வீடு என்றால் உங்கள் பக்கம்தான் சரிசெய்ய வேண்டும். மெயின்ஸ் நுழையும் இடத்தில் ஃபில்டர் சாக்கெட், லைன் உள்ளீடுகளில் 1 கிலோஓமும் 100 பிகோஃபாரடும், அந்தக் கெப்பாசிட்டர் சாக்கெட்டிலேயே சேசிஸுக்கு மிகக் குட்டையான காலோடு. எம்எம் உள்ளீட்டில் 1 கிலோஓம் வேண்டாம், இரைச்சல் கூடும். அங்கே ஃபெரைட் மணி போடுங்கள். மில் பக்கம் இருந்து விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) இரைச்சல் வருகிறவர்களுக்கும் மாடியில் சோலார் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறவர்களுக்கும் இதே மருந்துதான்.

இடி மழைக்கு எம்ஓவி போதுமா?

கோடை மழை நேரத்தில் பிளக்கைப் பிடுங்குவதை விட நல்லது எதுவும் இல்லை. எம்ஓவி (திடீர் உயர் வோல்டேஜை விழுங்கும் பாகம்) வைப்பதென்றால் 275 வோல்ட் வகை, அதற்கு முன்னால் கட்டாயம் ஃபியூஸ். நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்கு 400 வோல்ட் வரை வரலாம், ஃபியூஸ் இல்லாத எம்ஓவி அப்போது தீப்பிடிக்கும்.

கட்டி முடிச்சாச்சு. பவர் ஆம்ப்ல மாட்டறதுக்கு முன்னாடி என்ன பார்க்கணும்?

ஒரு வேரியாக் (மெயின்ஸ் வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. மோட்டார் ரீவைண்டிங் கடையில் பெரும்பாலும் இருக்கும், டிம்மர்ஸ்டாட் என்று கேட்டால் தெரியும். 180 வோல்டில் ஆரம்பியுங்கள். இரண்டு ரெயிலிலும் 15 வோல்ட் அசையாமல் நிற்கிறதா, மீட்டரை ஏசி மில்லிவோல்டில் வைத்தால் ரிப்பிள் ஏதும் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு 265க்கு ஏற்றி அரை மணி நேரம் விட்டு ஹீட்சிங்கையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கவனியுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உறுமினால் சுற்று குறைவு.

போனோ உள்ளீட்டை ஷார்ட் செய்து, வெளியீட்டை லேப்டாப்பில் ஒரு நல்ல சவுண்ட் கார்டு வழியாக ஸ்பெக்ட்ரம் எடுங்கள். 50இல் மட்டும் குச்சி நின்றால் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்புங்கள், 100, 200, 300 என்று வரிசையாக நின்றால் கிரவுண்ட் ஒயரை மறுபடி பாருங்கள்.

வெளியீட்டில் டிசி 10 மில்லிவோல்டுக்குள் இருக்க வேண்டும். ஆன் செய்யும் அந்த நொடியில் எவ்வளவு தாவுகிறது என்றும் பாருங்கள், அரை வோல்ட் தாவினாலும் நேர் இணைப்புள்ள பவர் ஆம்ப் அதை ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். வெளியீட்டைக் கிரவுண்டோடு சேர்த்து வைத்து ஐந்தாறு நொடி கழித்து விடுவிக்கும் மியூட் ரிலே ஒன்று வையுங்கள், கரண்ட் போன உடனே முதலில் விழுவதும் அந்த ரிலேயாக இருக்கட்டும். நம்ம ஊரில் கரண்ட் போய் வருவது சொல்லிவிட்டு நடப்பதில்லை.